பெண்டிழந்தான் சுழி

எங்கள் பக்கத்தில் மாடு வாங்க வருகிறவன் முதலில் மடியைப் பார்க்க மாட்டான். பல்லைக்கூட அப்புறம்தான் பிடித்துப் பார்ப்பான். முதலில் சுழி. நெற்றி, திமில், முதுகு, வால்முனை என்று மயிர் எங்கெல்லாம் வட்டம் போட்டிருக்கிறதோ அங்கெல்லாம் விரலை வைத்துத் தடவுவான். கோபுர சுழி, ராஜசுழி என்றால் முகம் மலரும். துடைப்பச் சுழி, விலங்குச் சுழி என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மாட்டுக்கு நகர்ந்துவிடுவான். அந்த மாடு குடம் குடமாகக் கறந்தாலும் சரி, போய்ச் சேர்வது கசாப்புக்குத்தான். தாராபுரம் வட்டாரத்தில் மாட்டு டாக்டராக இருந்தே தலை நரைத்தவள் நான். ஒரு மாடு செத்தால் அதற்கு நான் சொல்லும் காரணத்தை நம்புகிறவர்களைவிடச் சுழி சொல்லும் காரணத்தை நம்புகிறவர்கள்தான் இங்கே அதிகம். அதில் எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு. மறைக்கப் போவதில்லை.

இருக்கிற கெட்ட சுழிகளிலேயே ஆண்கள் ரொம்பப் பயப்படுவது பெண்டிழந்தான் சுழிக்கு. அந்தச் சுழி உள்ள மாட்டைக் கட்டினவனுக்குப் பெண்டாட்டி நிலைக்க மாட்டாளாம். அது எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதில் சந்தைக்குச் சந்தை சண்டை உண்டு. எங்கள் சந்தைக் கணக்கில் அது நெற்றியில், நடுவை விட்டு இடது கண்ணுக்கு மேலே ஒதுங்கி இருக்கும். பெண்டாட்டி மேல் இவர்களுக்கு அவ்வளவு பிரியமா என்று கேட்காதீர்கள். அவள் போய்விட்டால் யார் கறப்பது?

இனி மௌலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழுப்பெயர் மௌலீஸ்வரன். கால்நடைக் கல்லூரியில் என்னோடு படித்தவன். நான் ஊசியும் கையுமாக ஊர் சுற்றப் போனேன், அவன் ஒரு கம்பெனியில் கருவைத் திருத்தும் ஆய்வகத்துக்குப் போனான். தொடர்ந்து மழை பொய்த்துப் போன வருஷங்களில் இங்கே மாட்டுக் கட்டுத்தரைகள் காலியாகிக்கொண்டிருந்தபோது, அவன் பாதி ஆயுளைச் செலவழித்து ஒரு மாட்டை உண்டாக்கினான். காய்ந்த சோளத்தட்டையைத் தின்றுவிட்டுக் குறையாமல் கறக்கும். வெயிலுக்கு மூச்சு வாங்காது. கோமாரி நோய் அண்டாது. அப்படி ஒரு மாட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. பொறாமையோடுதான் சொல்கிறேன், அது அருமையான மாடு.

கம்பெனி பந்தல் போட்டு, வடை பாயசத்தோடு விருந்து வைத்து, சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்களைக் கூப்பிட்டது. வந்தார்கள், நன்றாகச் சாப்பிட்டார்கள், கை கழுவிக்கொண்டு மாட்டிடம் போனார்கள். தாடையைப் பிடித்து முகத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். மூலக் காளைக்கு நெற்றிச்சுழி இடப்பக்கம் ஒதுங்கியிருந்திருக்கிறது. அதனால் அதன் வழி வந்த எல்லாவற்றுக்கும் அதே இடத்தில் சுழி. அத்தனையும் பெண்டிழந்தான். ஆய்வகத்தில் எதை எதையோ பார்த்தவர்கள் இதைப் பார்க்கவில்லை.

மிஞ்சி நின்றது சுகந்தி மட்டும்தான். மூலனூர்ப் பாதையில் பெரிய பண்ணை வைத்திருப்பவள், சுழி பார்ப்பதில் தரகர்களையே தூக்கிச் சாப்பிடுகிறவள். கூடவே அவள் மகள் செம்மலர் நின்றிருந்தாள். பள்ளிக்கூடம் முடிக்கிற வயசு. சுகந்தி மடியைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"மாடு தங்கமாத்தான் இருக்குதுங்க. ஆனா இதைக் கட்டினா எங்கூட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆவாது. போறவ நானு."

செம்மலர் பந்தலே அதிரச் சிரித்தாள். அவளுக்குத் தொண்டை அப்படி. தொழுவத்தில் நின்று கூப்பிட்டால் பஸ் நிறுத்தத்தில் கேட்கும். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் பலகையில் தப்பாகப் போட்டால் எழுந்து நின்று சொல்லிவிட்டு அடி வாங்கிக்கொண்டு வருவாள். அவளுக்கு உச்சந்தலையில் ரெட்டைச்சுழி. ரெட்டைச்சுழிக்குக் கல்யாணம் ரெண்டு என்று ஊரில் எல்லாரும் சொல்வதால், சுகந்தி மகளுக்குத் தலை வாரும்போதெல்லாம் வகிட்டை மாற்றி மாற்றி எடுத்து அதை மறைப்பாள். அன்றைக்கு மௌலி காலி நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, சுகந்திக்கே பாவமாகிவிட்டது.

"நோயைத் திருத்தத் தெரிஞ்சவருக்குச் சுழியத் திருத்தத் தெரியாதுங்களா?" என்று கேட்டாள்.

மௌலி தலையை நிமிர்த்தினான். அவள் கிண்டல் செய்கிறாளோ என்று பார்த்தான். அவள் கிண்டல் செய்யவில்லை.

அடுத்த ஈற்றில் கன்றுகள் எல்லாவற்றுக்கும் நெற்றி நடுவில், பொட்டு வைத்த இடத்தில், ஒற்றைச் சுழி. ராஜசுழி. நோயை நிறுத்தப் பாதி ஆயுள் எடுத்துக்கொண்டவன் சுழியை நகர்த்த ஒரு வருஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. எப்படி என்று கேட்க நானே அவன் ஆய்வகத்துக்குப் போனேன்.

"சுழின்னா என்னன்னு நினைக்கறே பூங்கொடி?" என்றான். "வயித்துக்குள்ள கரு வளர்றப்ப மூளை பெருசாவுது. மேல இருக்கற தோல் இழுபடுது. அந்த இழுப்புக்குத் தகுந்த மாதிரி மயிர் சாயுது. இழுப்பு எங்க மையம் கொள்ளுதோ அங்க சுழி. நம்மாளுங்க தலையெழுத்துன்னு தடவிப் பார்க்கறது, உள்ள மூளை எப்படி வளந்துச்சுங்கறதுக்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான்."

"அப்ப சுழிய நகத்தோணும்னா?"

"உள்ள வளர்றதைக் கொஞ்சம் நகத்தோணும்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"பால் குறையலை. சினை நிக்குது. வேறென்ன வேணும் உனக்கு?" என்றான். அப்படிச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு விற்றது பாருங்கள், சுடச்சுட. மாலை போட்டு, சூடம் காட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சுகந்தி இருந்த மாடுகளை ஒரேயடியாகக் கழித்துவிட்டுப் பண்ணை முழுக்க ராஜசுழியாக நிரப்பினாள். சில வருஷங்களில் இந்த வட்டாரத்தில் பழைய மாடு என்று ஒன்றைத் தேடிப் பிடிப்பதே பாடாகிவிட்டது.

ஒருநாள் சுகந்தி கூப்பிட்டனுப்பினாள். கிடாரி ஒன்று வயசு வந்தும் பருவத்துக்கு வரவில்லை என்றாள். எங்கள் ஊரில் 'மாடு கத்துது' என்றால் பருவத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். கத்துகிற சத்தம் கேட்டுத்தான் சினை ஊசி போட ஆள் விடுவார்கள். நான் கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே சோதித்துப் பார்த்தேன். கிடாரி நல்ல பருவத்தில் இருந்தது. கத்தவில்லை, அவ்வளவுதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவ்வளவு பெரிய தொழுவத்தில், தீனி வைக்கிற நேரத்தில், அசைபோடுகிற சத்தத்தைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. தண்ணீருக்குக் கத்தவில்லை, கன்றுக்குக் கத்தவில்லை, கறக்கிறவனை உதைக்கவில்லை.

"தங்கமான மாடுங்க டாக்டரம்மா. வாயே இல்லை," என்றாள் சுகந்தி பெருமையாக. பக்கத்தில் புதிதாக வீடு கட்டி வந்த டவுன்காரர்கள் முன்பெல்லாம் சத்தம் சத்தம் என்று புகார் கொடுப்பார்கள், இப்போது அதுவும் நின்றுவிட்டதாம். கத்தாத மாட்டுக்குப் பருவம் வந்ததைத் தெரிந்துகொள்ள, கம்பெனியே கழுத்தில் கட்டுகிற ஒரு பட்டையைக் கொண்டுவந்து விற்றது. ஆக மாடு கத்த வேண்டிய வேலையும் இல்லாமல் போனது.

அதற்கப்புறம் நான் கவனிக்கத் தொடங்கினேன். ஒரு மாடு கன்று போட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தட்டை தின்றுகொண்டிருந்தது. கன்று சாணி வடிகிற வாய்க்காலில் விழுந்து, தலையைத் தூக்கிக்கொண்டு, குரல் எழுப்பாமல் அப்படியே கிடந்து செத்தது. ஆள் பத்தடி தூரத்தில் படுத்திருந்திருக்கிறான். ஒரு 'ம்மா' கேட்டிருந்தால் எழுந்து வந்திருப்பான். இன்னொரு மாடு தீவனத்தோடு கம்பியை விழுங்கியிருக்கிறது. கம்பி வயிற்றைக் கிழித்துக்கொண்டு நெஞ்சுவரை போயிருக்கிறது. அந்த மாடு முனகவில்லை, பல்லைக் கடிக்கவில்லை, தீனியை ஒதுக்கவில்லை. வழக்கம்போல நின்றது, கறந்தது. ஒரு காலையில் நின்ற இடத்திலேயே சரிந்தது. அறுத்துப் பார்த்தேன். எத்தனையோ மாட்டை அறுத்துப் பார்த்தவள் நான், வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

நேராக மௌலியிடம் போனேன். உட்காரக்கூட இல்லை.

"அதுங்களுக்கு வலிக்குதா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

அவன் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"வலிக்குது," என்றான். "ரத்தம் எடுத்துப் பார்த்தேன். வலிக்கறப்ப எதெல்லாம் ஏறோணுமோ அதெல்லாம் ஏறுது. பயப்படறப்பவும் அப்படித்தான். எல்லாம் ஏறுது. வெளிய சொல்லத்தான் தோணலை. சுழிய நகத்தினதுல அது மட்டும் போயிருச்சு."

"இது எப்ப இருந்து உனக்குத் தெரியும்?"

"தெரிஞ்சு என்ன பண்ணச் சொல்றே? கம்பெனிக்காரனுக்கு எழுதிப் போட்டேன். 'அமைதியான குணம்'னு விளம்பரத்துல சேத்துக்கிட்டாங்க."

எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. அவன் கண் கலங்கியிருந்ததால் விட்டுவிட்டேன். கலங்கி என்ன பிரயோஜனம், மாடுகள் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தன.

செம்மலர் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கதையில் எனக்கு முக்கியம் அவள்தான்.

அவளுக்குப் பார்த்த முதல் சம்பந்தம் நிச்சயத்தன்றே நின்று போனது. பூ வைத்துவிட வந்த நாத்தனார் முறைக்காரி கூந்தலை ஒதுக்கும்போது ரெட்டைச்சுழியைப் பார்த்துவிட்டாள். தட்டோடு எழுந்து போனார்கள். சுகந்தி அன்றைக்கு அழுத அழுகையை நான் மறக்க மாட்டேன். அடுத்து காங்கேயத்தில் அரிசி ஆலைக்காரர் வீட்டில் சம்மதித்தார்கள், ஒரு பரிகாரத்தோடு. ரெண்டு கல்யாணம் என்று தலையில் எழுதியிருப்பதால், முதல் கல்யாணத்தை ஒரு வாழைமரத்தோடு முடித்துவிட வேண்டும். தோப்பில் வைத்து வாழைக்கும் அவளுக்கும் முடிச்சுப் போட்டார்கள். பிறகு வாழையை வெட்டிச் சாய்த்தார்கள். அடுத்த முகூர்த்தத்தில் கதிர்வேலன் தாலி கட்டினான். பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து செம்மலர் காதோடு சொன்னாள்.

"அத்தை, என்ற மொதப் புருஷன் ரொம்ப நல்லவருங்க. கடைசிவரைக்கும் ஒரு வார்த்தை பேசலை."

எனக்குப் புரையேறிவிட்டது. இவள் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

குழந்தை தங்கவில்லை. வருஷங்கள் ஓடின. முதலில் வாரம் தவறாமல் போன் பண்ணிக்கொண்டிருந்தவள் பிறகு பண்டிகைக்குப் பண்டிகை பண்ணினாள். பேசும்போது பின்னால் யாரோ நடமாடுகிற சத்தம் கேட்டால் குரலைத் தாழ்த்திவிடுவாள். கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சோதனைக்குழாய் முறையில் முயற்சி செய்தார்கள். கருக்கள் ஒவ்வொன்றாக வீணாகிப் போக, கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதுவும் போனால் இனி அவள் உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

மனிதக் கருவில் நோயைத் திருத்த அனுமதி வந்து அப்போது கொஞ்ச காலம் ஆகியிருந்தது. எந்தெந்த நோய் என்று ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். தோல், முடி சம்பந்தப்பட்டவற்றோடு சேர்ந்து சுழியும் எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டது. மௌலியிடம் வேலை கற்ற ஒருவன்தான் அந்த ஆஸ்பத்திரியில் கரு பார்க்கிறவன். மாட்டில் கற்றதை அவன் மறக்கவில்லை. 'சுழி திருத்தம்' என்று சுவரிலேயே எழுதி மாட்டியிருந்தார்கள். ரெட்டைச்சுழிக்காரிக்கு ரெட்டைச்சுழிப் பிள்ளை பிறக்கும் என்று பயந்து கிடக்கிற வீடுகளுக்கு அது சாமி கொடுத்த வரம்.

ஒரு மத்தியான நேரம் செம்மலர் என் ஆஸ்பத்திரிக்கே வந்தாள். மெலிந்திருந்தாள். வரிசையில் நின்ற ஆட்டுக்காரர்களை அனுப்பும்வரை மூலையில் காத்திருந்தாள். தன் அம்மாவும் மாமியாரும் சுழியைத் திருத்தியே தீர வேண்டும் என்று நிற்பதாகச் சொன்னாள். அம்மாவின் தொழுவத்தில் வளர்ந்தவள், அந்த மாடுகளை என்னைவிட அதிகம் பார்த்தவள். நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"என்ற கொழந்தைக்கு வயித்து வலின்னா எனக்கு எப்படிங்க அத்தை தெரியும்?" என்று கேட்டாள். "அது வேண்டாங்க. நான் வேண்டாம்னு சொல்லப் போறனுங்க. நீங்க கூட வந்து நின்னாப் போதும்."

வருகிறேன் என்றேன். அதற்கு முன்னால் அந்த ரெண்டு பெரியவர்களிடமும் நானே பேசிப் பார்க்கிறேன் என்றும் சொன்னேன்.

சுகந்தியின் வீட்டில் மூவரும் உட்கார்ந்தோம். மாமியார் ருக்மணி மரியாதை தெரிந்த மனுஷி, எனக்குக் காப்பியை அவரே ஆற்றிக் கொடுத்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. கம்பி குத்திச் செத்த மாட்டைப் பற்றிச் சொன்னேன். மௌலி ரத்தத்தில் பார்த்ததைச் சொன்னேன். உங்கள் பேத்திக்கோ பேரனுக்கோ வலிக்கும், பயம் வரும், பசிக்கும், யாராவது அடித்தால் அடிபட்ட மாதிரியே இருக்கும், ஆனால் அதை ஒருத்தரிடமும் சொல்லத் தோன்றாது, ஆயுசு முழுக்கத் தோன்றாது என்றேன். சொல்லி முடித்ததும் அவர்கள் பதறுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

ருக்மணி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பையனுக்குன்னா வேண்டாங்க. பையன் பேசித்தான் பொழைக்கோணும்," என்றார் நிதானமாக. "பொட்டப்புள்ளைக்கு அது நல்லதுதானுங்களே?"

நான் சுகந்தியைப் பார்த்தேன். பத்து ஆம்பிளைகளை அதட்டி வேலை வாங்குகிறவள், சந்தையில் ஒருத்தரும் அவளிடம் வாய் கொடுக்க மாட்டார்கள். அவள் புடவைத் தலைப்பைத் தூக்கி முழங்கைக்கு மேலே ஒரு பழைய தழும்பைக் காட்டினாள். கல்யாணமான புதிதில் குழம்பில் உப்பில்லை என்று புருஷன் சொன்னதற்கு, நீங்களே போட்டுக்குங்க என்று பதில் சொன்னாளாம். அதற்குக் கிடைத்தது.

"வலி ஒண்ணும் பெருசில்லீங்க டாக்டரம்மா," என்றாள். "வாயைத் தொறந்ததாலதான் ஒவ்வொண்ணும். எனக்கு அப்படி ஒரு தலை அமைஞ்சிருந்தா நான் நல்லா இருந்திருப்பேன். என்ற பொண்ணையும் வேண்டாம்னு எழுந்து போயிருக்க மாட்டாங்க."

அந்தக் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது, அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போலவும் இருந்தது. ரெண்டையும் செய்யாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் பேசி ஆகாது என்று ஊருக்குப் பேசினேன். தொலைக்காட்சிக்காரர்களைக் கூப்பிட்டு, தொழுவத்தில் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். சுழி திருத்திய பிள்ளை வாய் திறந்து எதையும் முறையிடாது, வலியைச் சொல்லாது, எதிர்த்துப் பேசாது என்று கோபமாகத்தான் சொன்னேன். இரண்டு நாள் அதுவே எங்கும் ஓடியது. மூன்றாம் நாள் மௌலி போன் பண்ணினான். அந்த ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்த இடமில்லையாம். உன் பேட்டியை அவர்களே வெட்டி ஒட்டிக் காத்திருப்புக் கூடத்தில் ஓட விட்டிருக்கிறார்கள், கோபமாக இருந்த இடங்களை மட்டும் எடுத்துவிட்டார்கள் என்றான்.

அதை என் கண்ணாலும் பார்த்தேன். செம்மலரோடும் அவள் வீட்டாரோடும் போன அன்று கூடம் நிறையப் பெண்கள், பக்கத்தில் மாமியார்கள். சுவரில் நான் பேசிக்கொண்டிருந்தேன். 'எதிர்த்துப் பேசாது' என்று நான் சொல்கிற இடத்தில் பின்னணியில் வீணை வாசித்தார்கள். ஒரு பெரியம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கர்ப்பிணி, நான் அந்த இடத்துக்குப் புதுசு என்று நினைத்தாளோ என்னவோ, தானாகவே விளக்கினாள். உள்ளே வைக்கப்போகிற கரு ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம். அதனால் யாரும் சொல்வதில்லை.

"ஆனா உள்ள கூப்புட்டு, சுழி திருத்தம் வேணுங்களான்னு கேட்டாங்கன்னா பொண்ணுங்க," என்றாள். "கேக்கலைன்னா பையன். பையனுக்கு எதுக்குங்க அது?"

அவளை உள்ளே கூப்பிட்டுக் கேட்டிருந்தார்களாம். அவள் அதைச் சொன்ன விதத்தில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. வெயிலடிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

எங்களைக் கூப்பிட்டார்கள். ஒரு சின்ன அறை. செம்மலர் நடுவில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் சுகந்தி மகள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், இன்னொரு பக்கம் ருக்மணி. கதிர்வேலன் கதவோரம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் செம்மலருக்கு நேர் எதிரே, அவள் கண்ணில் படுகிற மாதிரி நின்றேன். வரும் வழியெல்லாம் காரில் அவள் வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைக் கவனித்திருந்தேன். உதட்டசைவு எனக்குத் தெரிந்தது. 'வேண்டாங்க' என்பதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு இளம்பெண் வந்தாள். கரு நன்றாக இருக்கிறது, நாளைக்கே வைத்துவிடலாம் என்றாள். உணவு, ஓய்வு, மாத்திரை என்று நிறையச் சொன்னாள். எல்லாம் முடிந்துவிட்டது, கேட்க மாட்டாள் என்று ஒரு கணம் நினைத்தேன். ருக்மணியின் முகத்தில் சிரிப்பு வரத் தொடங்கியிருந்தது.

"சுழி திருத்தம் பண்ணிக்கறீங்களா மேடம்?" என்றாள் அந்தப் பெண்.

கதிர்வேலன் போனிலிருந்து தலையைத் தூக்கினான், மனைவியைப் பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான். ருக்மணியின் சிரிப்பு வந்த வழியே போய்விட்டது. பொட்டப்புள்ளை. அப்படியானால் திருத்தியாவது தொலைக்கட்டும் என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

"வேண்டாம்னு சொல்லு சாமி," என்றேன் நான்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துப் பணிவாகத்தான் சொன்னாள். "அவங்க வாயால சொல்லோணுங்க மேடம். ஆட்சேபணை எதுவும் சொல்லலைன்னா சம்மதம்னு எடுத்துக்குவோம்."

செம்மலரின் உதடு பிரிந்தது. புருஷனைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். தன் கையைப் பிடித்திருந்த அம்மாவின் கையைக் குனிந்து பார்த்தாள், அந்த முழங்கைக்கு மேலே தலைப்பு மூடியிருந்த இடத்தையும் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. சுகந்தியின் தொழுவத்தில் எத்தனையோ முறை என்னைப் பார்த்திருக்கிறது. எல்லாம் உள்ளே இருக்கும். சொல்லத்தான் வராது.

சொல்லு, சொல்லு என்று மனசுக்குள் நான் கத்திக்கொண்டிருந்தேன். பஸ் நிறுத்தம்வரை கேட்கிற தொண்டையடி உனக்கு.

வெள்ளைக் கோட்டுப் பெண் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். வெளியே காத்திருப்பவர்கள் நிறைய. கையிலிருந்த திரையில் ஒரு இடத்தைத் தொட்டுவிட்டு, நன்றி மேடம் என்று எழுந்தாள்.

ருக்மணி நிம்மதியாக மருமகளின் தலையைத் தடவிக் கொடுத்தார். "தங்கமான புள்ளைங்க," என்றார் அந்தப் பெண்ணிடம். "இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்லை."

திரும்பி வரும்போது லிஃப்டில் நெரிசல். நான் செம்மலருக்குப் பின்னால் நின்றேன். அவசரத்தில் வகிட்டை மாற்றி எடுக்க மறந்திருக்கிறாள். வைத்திருந்த மல்லிகைக்கு மேலே, உச்சந்தலையில், ரெண்டு சுழியும் அடுத்தடுத்து, பிறந்தபோது இருந்த இடத்திலேயே இருந்தன.